கூம்புச் சங்கு விஷத்தின் மாஸ் ஸ்பெக் அலசல்: எதை ஸ்கிரிப்ட்டிடம் விடலாம், எதை விடக்கூடாது?

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி கேட்டிருக்கிறார். உவரி, தூத்துக்குடி கரைகளில் வலைக்கழிவாக வந்து விழுந்த கூம்புச் சங்குகளிலிருந்து விஷக்குழாய்ச் சாறு எடுத்து, வெளியூரில் மாஸ் ஸ்பெக் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் கருவி) வைத்திருக்கும் ஒரு கருவி மையத்துக்கு அனுப்பியிருக்கிறார். 12 மாதிரிகள். ஒவ்வொன்றையும் மூன்று விதமாக ஓட்டியிருக்கிறார்கள்: அப்படியே ஒரு முறை, சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களுக்கு இடையிலான டைசல்ஃபைட் பிணைப்புகளை உடைத்து, மறுபடி ஒட்டாமல் அடைத்தபின் ஒரு முறை, டிரிப்சின் என்ற நொதியால் வெட்டியபின் ஒரு முறை. ஆக 36 ஃபைல்கள் ஹார்ட் டிஸ்க்கில் வந்திருக்கின்றன. பைத்தான் ஓரளவு தெரியும், 16 ஜிபி லேப்டாப் இருக்கிறது, ஒரு தட்டுத் தட்டினால் பெப்டைட் (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) பட்டியல் வந்து நிற்க எந்த மென்பொருள் நல்லது என்கிறார். போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி: "அப்படி வரும் பட்டியலை நேரடியாகத் தீசிஸில் போடலாமா?" என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரிதான் கேள்வியே. மென்பொருள் பெயர் யாரும் சொல்வார்கள். எந்த வேலையை மெஷினிடம் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம், எதற்குக் கண் விழிக்க வேண்டும் என்பதுதான் தெரிய வேண்டியது.

நான் அம்பாசமுத்திரத்துக்காரன். பெங்களூரிலும் ஐதராபாத்திலும் ஊரார் மாதிரிகளையெல்லாம் ஓட்டிக்கொடுக்கும் கருவி மையங்களில் பல வருஷம் வேலை பார்த்தவன். கருவிப் பக்கத்து ஆள் என்பதால் சங்கைப் பார்த்து இனம் சொல்வதோ, அந்த விஷம் நரம்பில் என்ன செய்யும் என்பதோ என் பாடம் இல்லை. எடையைப் பற்றியும் ஸ்பெக்ட்ரத்தைப் பற்றியும் மட்டும் பேசுகிறேன். சுருக்கமான பதில் இது: ஃபைலை மாற்றுவது முதல் பட்டியல் எடுப்பது வரை எல்லாவற்றையும் தானியங்கியாக்கலாம், ஆக்கவும் வேண்டும். ஆனால் உங்கள் உழைப்பில் பெரும்பங்கு பட்டியல் எடுக்கும் பகுதிக்குப் போகத் தேவையில்லை. எங்கெங்கே நின்றுவிட வேண்டும் என்று ஸ்கிரிப்ட்டுக்குச் சொல்லிக்கொடுப்பதில்தான் போக வேண்டும். நிற்கத் தெரியாத ஸ்கிரிப்ட், குப்பையைக் கொடுத்தாலும் அழகான அட்டவணை கொடுத்துவிடும்.

தானியங்கி என்றதும் புதுசு என்று நினைக்க வேண்டாம். ஸ்பெக்ட்ரத்தைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சீக்வெஸ்ட் நிரல் 1994-இலேயே வந்துவிட்டது. 1999-இல் மாஸ்காட், 2008-இல் மேக்ஸ்குவான்ட், 2017-இல் எம்எஸ்ஃப்ராகர் என்று வேகம் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. கருவி முதலில் பெப்டைடின் எடையை அளக்கிறது, பிறகு அதை உடைத்துத் துண்டுகளின் எடையை அளக்கிறது. நிரலோ, இந்த வரிசை உள்ள பெப்டைட் உடைந்தால் இன்னின்ன துண்டு வரவேண்டும் என்று கணக்குப் போட்டு, வந்ததோடு ஒட்டிப் பார்த்து மதிப்பெண் போடுகிறது. அந்த நடுப்பகுதி முப்பது வருஷமாகத் தானியங்கிதான். கையால் செய்துகொண்டிருப்பது அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை. கையால் செய்வதில் உள்ள கோளாறு நேரம் மட்டும் இல்லை. திங்கட்கிழமை காலையில் 'இது பீக்' (ஸ்பெக்ட்ரத்தில் ஒரு எடையைக் காட்டும் முகடு) என்று எடுத்த கண், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே மாதிரி ஒன்றை 'இது சத்தம்' என்று தள்ளிவிடும்.

முதல் படி ஃபைல் மாற்றம். கருவி கொடுக்கும் மூல ஃபைலை புரோட்டியோவிசார்ட் தொகுப்பில் உள்ள எம்எஸ்கன்வர்ட் நிரலால் எம்இசட்எம்எல் வடிவத்துக்கு மாற்றுங்கள். அதில் பீக் பிக்கிங் வடிகட்டியைப் பட்டியலில் முதலாவதாக வைக்க வேண்டும். வேறு வடிகட்டிக்குப் பின்னால் வைத்தால் கருவிக் கம்பெனியின் சொந்த முறை வேலை செய்யாது, மென்பொருளின் பொது முறைக்குப் போய்விடும். பெரிதாகக் கத்தாமல் நடக்கிற விஷயம் என்பதால் பலர் கவனிப்பதில்லை. கூடவே ஒவ்வொரு மூல ஃபைலுக்கும் செக்சம் (ஃபைல் மாறினால் காட்டிக்கொடுக்கும் எண்) எடுத்து எழுதி வையுங்கள். அப்புறம் ஒரு மாதிரி அட்டவணை: எந்த ஃபைல், எந்தக் கரை, எந்தச் சங்கு, எந்த முறை, எந்தத் தேதி, வரிசையில் எத்தனையாவதாக ஓடியது. ஸ்கிரிப்ட் ஃபைல் பெயரைப் பார்த்து எதையும் ஊகிக்கக் கூடாது, இந்த அட்டவணையை மட்டும் படிக்க வேண்டும். 'ஃபைனல்', 'ஃபைனல்_நியூ' என்று பெயர் வைத்த ஃபைல்களால் மாதிரி இடம் மாறிப்போன கதைகள் எல்லா மையத்திலும் உண்டு.

அடுத்தது, நான் முதல் நிறுத்தம் என்று சொல்லும் இடம். கல்லேற்றிய லாரியை ஏற்றுவதற்கு முன்னால் எடைமேடையில் தெரிந்த கல்லை வைத்துப் பார்ப்பது போல, பெப்டைடைத் தேடுவதற்கு முன்னால் கருவி அன்றைக்குச் சரியாக எடை காட்டியதா என்று ஒவ்வொரு ஃபைலிலும் பார்க்க வேண்டும். அதற்கு ஓசியில் ஒரு படிக்கல் இருக்கிறது. ஷாம்பு, முகப்பூச்சு, பிளாஸ்டிக் இவற்றிலிருந்து ஆய்வகக் காற்றில் எப்போதும் கொஞ்சம் சிலாக்சேன் மிதக்கும். மாதிரியை நுண்துளியாகத் தெளித்து உள்ளே அனுப்பும் நானோ ஸ்ப்ரேயில் அது எடைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தில் 445.1200 என்ற இடத்தில் தலை காட்டும். பல மையங்கள் இதையே உள்ளூர் அளவுகோலாக வைத்து ஓட்டுகின்றன. ஸ்கிரிப்ட் எல்லா ஸ்கேனிலும் இந்தப் பீக்கைத் தேடி, விலகல் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு), ஓட்டத்தின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை அது நகர்கிறதா என்று ஒரு கோடு வரையட்டும். நடு மதிப்பு 5 பிபிஎம்முக்கு மேல் போனால் அந்த ஃபைலோடு நிற்கட்டும். (உங்கள் மையம் இந்தப் பீக்கை வைத்துத் திருத்தியே ஃபைலைக் கொடுத்திருந்தால் விலகல் சுழியமாகத்தான் தெரியும், அப்போது இந்தச் சோதனைக்கு அர்த்தம் இல்லை. முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.)

அதே இடத்தில் இன்னும் சில சோதனைகள். 44.026 இடைவெளியில் ஏணிப்படி மாதிரி பீக்குகள் நின்றால் அது பாலி எத்திலீன் கிளைக்கால். சோப்பிலிருந்தோ பிளாஸ்டிக்கிலிருந்தோ வந்தது, விஷத்தில் இருந்து வரவில்லை. டிரிப்சின் போட்ட மாதிரிகளில் கெரட்டின் (தோல், முடியில் உள்ள புரதம்) எவ்வளவு என்று எண்ண வேண்டும். நம் பக்கத்து ஆய்வகங்களில் சித்திரை வெயிலுக்கு ஜன்னலைத் திறந்து, தலைக்கு மேலே மின்விசிறியைச் சுற்றவிட்டு, அதன் கீழே ஜெல்லை வெட்டுவார்கள். மேலே இருந்து தோலும் முடியும் தூசியாக மாதிரியில் கொட்டும். கெரட்டின் கொஞ்சம் இருப்பது இயல்பு. உச்சியில் இருக்கும் பத்துப் புரதங்களில் பாதி கெரட்டின் என்றால் அந்த மாதிரியை வைத்து அளவு ஒப்பிடக் கூடாது. வெறும் கரைசல் ஓட்டிய ஃபைல்களையும் மையத்திடம் கேட்டு வாங்குங்கள். முந்தைய மாதிரியின் விஷப் பெப்டைட் அடுத்த வெற்று ஓட்டத்தில் தெரிகிறதா என்று ஸ்கிரிப்ட் பார்க்க வேண்டும். கூம்புச் சங்குச் சாறு செறிவானது, பத்தியில் (கருவிக்குள் போகும்முன் பெப்டைடுகளைப் பிரிக்கும் குழாயில்) ஒட்டிக்கொண்டு அடுத்த ஓட்டத்திலும் வரும். உவரிச் சங்கில் இருந்தது தூத்துக்குடிச் சங்கிலும் 'கிடைத்தது' என்று எழுதும்முன் இதைப் பார்க்காவிட்டால் வம்பு.

இனி தேடல். இங்கேதான் எந்த மென்பொருளை எடுத்தாலும் அதன் இயல்பு அமைப்புகள் உங்களைக் கைவிடும். ஓர் உதாரணத்தை வைத்தே சொல்கிறேன். கோனஸ் இம்பீரியாலிஸ் என்ற சங்கின் விஷத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஆல்ஃபா கோனோடாக்சின் ஐஎம்ஐ, 12 அமினோ அமிலம் கொண்ட குட்டிப் பெப்டைட். வரிசை: கிளைசின், சிஸ்டீன், சிஸ்டீன், செரின், அஸ்பார்ட்டிக் அமிலம், புரோலின், ஆர்ஜினின், சிஸ்டீன், அலனின், டிரிப்டோபான், ஆர்ஜினின், சிஸ்டீன். கடைசி முனை அமைடு ஆனது. டிரிப்சின் ஆர்ஜினினுக்குப் பின்னால் வெட்டும். ஆக மூன்று துண்டு: ஏழு, நான்கு, ஒன்று. பெரும்பாலான மென்பொருள்கள் ஏழுக்குக் கீழே நீளமுள்ளதைப் பார்க்காமலே விட்டுவிடும். மிஞ்சுவது முதல் ஏழு மட்டும். அந்த ஏழும், விசி1.1, ஆர்ஜி-ஐஏ என்ற வேறு இரண்டு சங்கு விஷப் பெப்டைடுகளிலும் எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. இப்போது உங்கள் பட்டியலில் 'ஐஎம்ஐ கிடைத்தது' என்று வந்தால் அதற்கு என்ன மதிப்பு? மென்பொருள் பொய் சொல்லவில்லை, பொதுவான ஒரு துண்டைப் பார்த்துவிட்டு மூன்றில் ஒரு பெயரை மேலே எழுதியிருக்கிறது. அதனால் டிரிப்சின் போட்ட 12 ஃபைல்களை, விஷத்தில் உள்ள பெரிய புரதங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டைசல்ஃபைட் ஐசோமரேஸ் போன்ற நொதிகள் விஷக்குழாயில் ஏராளம், அவற்றுக்கு வழக்கமான அமைப்பு அருமையாக வேலை செய்யும். சிறு பெப்டைடுகளுக்கு வெட்டாத 24 ஃபைல்கள்தான் ஆதாரம். இரண்டுக்கும் இரண்டு தனித்தனி வழி எழுதுங்கள், ஒன்றில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

வெட்டாத ஃபைல்களில் ஸ்கிரிப்ட் செய்யக்கூடிய வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது ஜோடி சேர்ப்பது. அதே ஐஎம்ஐ பெப்டைடை எடுங்கள். இரண்டு டைசல்ஃபைட் பிணைப்போடு இருக்கும்போது அதன் எடை 1350.484 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). பிணைப்பை உடைத்து, நான்கு சிஸ்டீனையும் அயோடோஅசிட்டமைடு என்ற அடைக்கும் மருந்தால் அடைத்தால் 1582.601. வித்தியாசம் 232.117, அதாவது சிஸ்டீனுக்கு 58.029 வீதம் நான்கு. ஆகவே அப்படியே ஓட்டிய ஃபைலில் உள்ள எடைகளையும் அடைத்தபின் ஓட்டிய ஃபைலில் உள்ள எடைகளையும் எடுத்து, 58.029-இன் இரட்டைப்படை மடங்கு வித்தியாசத்தில் எவை நிற்கின்றன என்று தேடினால், எந்தத் தரவுத்தளமும் இல்லாமலே சிஸ்டீன் எண்ணிக்கை கிடைத்துவிடும். நான்கு சிஸ்டீன் என்றால் 232.117, ஆறு என்றால் 348.176. பைத்தானில் ஐம்பது அறுபது வரிக்குள் முடியும் வேலை. எடை மட்டும் ஒத்துப்போவது போதாது, ஏனென்றால் ஆயிரக்கணக்கான எடைகளுக்கு நடுவே தற்செயல் ஜோடிகள் நிறைய விழும். அதை அளக்க ஒரு வழி: 58.029-க்குப் பதிலாக வேதியியலில் அர்த்தமே இல்லாத ஓர் எண்ணை, உதாரணமாக 58.329-ஐ, வைத்து அதே ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். அப்போதும் விழும் ஜோடிகளின் எண்ணிக்கைதான் உங்கள் தற்செயல் அளவு. உண்மை எண்ணுக்கு விழுவது அதைவிடப் பல மடங்கு இருந்தால் மேலே போகலாம்.

அயோடோஅசிட்டமைடைப் பற்றிப் பேசும்போதே ஓர் எச்சரிக்கை. அது சேர்க்கும் எடை 57.0215, கிளைசின் அமினோ அமிலத்தின் எடையும் அதேதான், அணுவுக்கு அணு ஒன்று. மருந்து அதிகமாகிப் பெப்டைடின் முன் முனையிலும் ஒட்டிக்கொண்டால், சிஸ்டீனில் தொடங்கும் பெப்டைட் கிளைசினில் தொடங்குவது போலத் தெரியும். எத்தனையோ கோனோடாக்சின்கள் நிஜமாகவே கிளைசினில் தொடங்குகின்றன என்பதால் பார்ப்பவருக்கும் சந்தேகம் வராது. அப்படியே ஓட்டிய ஃபைலில் அந்தக் கிளைசினோடு உள்ள எடை இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கும் வரி ஒன்று ஸ்கிரிப்ட்டில் இருந்தால் இது மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு பொறி எடைச் சாளரத்தின் அகலம், அதாவது எடை எவ்வளவு விலகினாலும் பொருத்தம் என்று தேடல் ஏற்றுக்கொள்ளும் என்பது. கோனோடாக்சின்களில் பல, முனை அமைடு ஆனவை. அமைடு ஆனதற்கும் ஆகாததற்கும் வித்தியாசம் 0.984 டால்டன். பக்கத்து ஐசோடோப்புக்கு (அதே பெப்டைடில் ஒரு கனமான கார்பன் அணு இருப்பதால் வரும் பீக்குக்கு) உள்ள தூரம் 1.00335. இரண்டுக்கும் நடுவே 0.0193 மட்டும்தான். 1351 டால்டன் பெப்டைடில் அது ஏறத்தாழ 14 பிபிஎம். கருவி முதல் ஐசோடோப்பை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்து உடைத்திருந்தால், 20 பிபிஎம் சாளரம் வைத்துள்ள தேடல் அமைடு பெப்டைடை 'அமைடு ஆகாதது' என்று எழுதிவிடும், அழகான மதிப்பெண்ணும் போடும். 5 பிபிஎம் வைத்தால் இந்தக் குழப்பம் வராது. அதற்குத்தான் முதல் நிறுத்தத்தில் விலகலை அவ்வளவு கறாராகப் பார்க்கச் சொன்னேன். கடல் மாதிரி என்பதால் உப்பும் ஒரு தொல்லை. இரண்டு சோடியம் ஒட்டினால் 43.964 கூடும், குளுட்டமிக் அமிலம் காமா கார்பாக்சில் ஆனால் 43.990 கூடும். இந்த மாற்றம் சங்கு விஷத்தில் நிஜமாகவே உண்டு. உப்பை உருமாற்றம் என்று எழுதிவிடாமல் இருக்க, ஒற்றைச் சோடியம் ஒட்டிய 21.982 பீக்கும் பக்கத்தில் நிற்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

உருமாற்றங்களைச் சொன்னால், தேடலில் எதை எதைச் சேர்ப்பது என்பது கஷ்டமான முடிவு. ஹைட்ராக்சி புரோலின் கட்டாயம் வேண்டும், முனை அமைடு வேண்டும், காமா கார்பாக்சில் வேண்டும், குளுட்டமினில் தொடங்கும் பெப்டைடின் முன் முனை வளையமாகச் சுருண்டு போவது வேண்டும். ஒவ்வொன்று சேர்க்கும்போதும் தேடும் வெளி பெருகி, தற்செயல் பொருத்தமும் பெருகும். கூடவே மென்பொருளின் அடிப்படை அனுமானத்தையே உடைக்கும் சில உண்டு. காமா கார்பாக்சில் உடைக்கும்போது கார்பன் டை ஆக்சைடாகக் கழன்று ஓடிவிடும். முழு எடை 44 கூடுதலாகச் சொல்லும், துண்டுகளோ சாதாரணக் குளுட்டமிக் அமிலம் என்று சாதிக்கும். புரோமின் ஏறிய டிரிப்டோபான் இன்னும் வேடிக்கை. புரோமினுக்கு 79, 81 என்று ஏறக்குறைய சமமான இரண்டு ஐசோடோப்பு. அதனால் பீக் கூட்டம் இரண்டு டால்டன் தள்ளி இரட்டைக் கோபுரம் மாதிரி எழும். ஐசோடோப்புக் கூட்டம் பெப்டைட் மாதிரிதான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கும் நிரல், அதைப் பார்த்துத் தடுமாறி எடையைத் தப்பாக எடுக்கும், அல்லது தூக்கி எறிந்துவிடும். மனுஷக் கண் ஒரே பார்வையில் பிடித்துவிடும். ஆகவே ஸ்கிரிப்ட் புரியாமல் தள்ளிய வலுவான பீக்குகளை ஒரு தனி ஃபைலில் படமாக வரைந்து கொடுக்கட்டும், நீங்கள் ஒரு டீயோடு உட்கார்ந்து புரட்டிப் பாருங்கள். புதுசு என்று ஏதாவது கிடைத்தால் அந்தக் குவியலில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

தரவுத்தளம் பற்றி. தெரிந்த கோனோடாக்சின்களுக்கு ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தினர் நடத்தும் கோனோசர்வர் நல்ல தொடக்கம். ஆனால் கூம்புச் சங்கில் நூற்றுக்கணக்கான இனங்கள், ஒவ்வொன்றின் விஷத்திலும் ஏராளமான பெப்டைடுகள். உங்கள் சங்கின் இனமே அதில் இல்லாமல் போகலாம். தரவுத்தளத்தில் இல்லாததை எந்தத் தேடலும் கண்டுபிடிக்காது. அதற்குப் பதில் இருப்பதில் கிட்டத்தட்ட ஒத்துப்போவதைத் தூக்கிக் கொடுக்கும். அதே விஷக்குழாயிலிருந்து ஆர்என்ஏ எடுத்து வரிசைப்படுத்தி, சொந்தத் தரவுத்தளம் கட்ட முடிந்தால் உங்கள் ஆய்வின் தரமே வேறு. பணம் இருந்தால் மென்பொருள் லைசென்சுக்குப் போடாமல் இதற்குப் போடுங்கள்.

ஒரு சதவீதம் பொய்ப்பொருத்தம் என்ற எல்லையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். திருப்பிப் போட்ட போலி வரிசைகளையும் சேர்த்துத் தேடி, அவற்றில் எத்தனை தேறுகின்றன என்று பார்த்துப் பிழையை மதிப்பிடுவதுதான் முறை. லட்சம் பொருத்தம் உள்ள மனித செல் ஆய்வுகளில் இது உறுதியான எண். உங்கள் ஃபைலில் 150 பொருத்தம் தேறினால் ஒரு சதவீதம் என்பது ஒன்றரை. ஒரு போலி கூடினாலும் குறைந்தாலும் எல்லை எங்கேயோ போய்விடும். 12 மாதிரிகளையும் சேர்த்து மொத்தமாக எல்லை போடுங்கள், உருமாற்றம் உள்ள பொருத்தங்களுக்குத் தனியாகப் போடுங்கள். சாதாரணப் பெப்டைடுகளின் நல்ல பெயரில் இவை ஒளிந்துகொண்டு உள்ளே வந்துவிடும்.

வரிசையை நேரடியாக ஸ்பெக்ட்ரத்திலிருந்தே படிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல்கள் பற்றியும் கேட்பீர்கள். இதுவரை சொன்னவை உறுதியானவை, இனிச் சொல்வதை என் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். பீக்ஸ் பழைய, நம்பகமான கட்டண மென்பொருள். கஸனோவோ இலவசம், புதிது. ஆனால் கஸனோவோ முதலில் கற்றது பெரும்பாலும் டிரிப்சினால் வெட்டிய பெப்டைடுகளில். பன்னிரண்டில் நான்கு சிஸ்டீன் இருக்கும் பெப்டைட் அதற்கு அந்நிய ஊர். மூன்று நான்கு அமினோ அமிலம் தொடர்ச்சியாகச் சரியாகப் படித்து, முனைகளில் தடுமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நடுத்துண்டை எடுத்துத் தரவுத்தளத்தில் தேடும் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம். முழு வரிசையாக அச்சில் ஏற்றும் அளவுக்கு நான் நம்ப மாட்டேன். நாளைக்கே நிலைமை மாறலாம், இந்தத் துறை வேகமாக ஓடுகிறது.

எந்த மென்பொருளும் சாதாரண ஓட்டத்திலிருந்து சொல்ல முடியாத சில உண்டு. லூசினும் ஐசோலூசினும் ஒரே எடை, 113.084. இரண்டு கிளைசின் சேர்ந்தால் ஓர் அஸ்பரஜின், கிளைசினும் அலனினும் சேர்ந்தால் ஒரு குளுட்டமின், எடையில் மயிரிழை வித்தியாசமும் கிடையாது. நடுவில் உடைந்த துண்டு கிடைக்காவிட்டால் எது என்று தெரியாது. சில சங்கு விஷங்களில் டி வகை அமினோ அமிலம் (வழக்கமான எல் வகையின் கண்ணாடிப் பிம்பம்) வரும், அதற்கும் எல் வகைக்கும் எடை ஒன்றே. டைசல்ஃபைட் எத்தனை என்பது தெரியும், எது எதோடு என்பது தெரியாது. நான்கு சிஸ்டீனை 3 விதமாக இணைக்கலாம், ஆறு சிஸ்டீனை 15 விதமாக. இவற்றைச் சொல்ல வேறு பரிசோதனை வேண்டும். அட்டவணையில் ஸ்கிரிப்ட் 'லூசின்' என்று எழுதும் இடமெல்லாம் 'லூசின் அல்லது ஐசோலூசின்' என்று மாற்றி எழுத ஒரு வரி போதும்.

உவரியையும் தூத்துக்குடியையும் ஒப்பிடுவது பற்றிக் கொஞ்சம். மையத்தில் எந்த வரிசையில் ஓட்டினார்கள் என்று கேளுங்கள். உவரி மாதிரி ஆறையும் முதல் நாளிலும், தூத்துக்குடி மாதிரி ஆறையும் மறுநாளிலும் ஓட்டியிருந்தால், நீங்கள் காணும் வித்தியாசம் கடலுடையதா, பத்தியுடையதா என்று பிரிக்க எந்தக் கணிதத்தாலும் முடியாது. கலந்து ஓட்டியிருந்தால் ஸ்கைலைன் என்ற மென்பொருளில் ஒவ்வொரு பெப்டைடின் பீக் பரப்பையும் எடுத்து ஒப்பிடலாம். அப்போதும், இரண்டு கரையிலும் கிடைத்தவை ஒரே இனம்தானா என்பதை விலங்கியல் தெரிந்தவர் உறுதி செய்திருக்க வேண்டும். சங்கின் பருவமும் பசியும்கூட விஷத்தை மாற்றலாம். கரைக்கு ஆறு என்பது இருக்கிறதா இல்லையா என்று சொல்லப் போதும், எவ்வளவு கூடுதல் என்று அறுதியிட்டுச் சொல்லக் குறைவு என்பது என் எண்ணம். இனம் பேசும்போதே, உங்கள் சங்கு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வலையில் தானாக வந்ததுதானே என்று விட்டுவிடாமல் வனத்துறை அனுமதியை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மென்பொருள். டிரிப்சின் ஃபைல்களுக்கு மேக்ஸ்குவான்ட் அல்லது ஃப்ராக்பைப், எது வந்தாலும் சரி, கல்வி நிலையத்துக்கு இரண்டும் இலவசம். வெட்டாத ஃபைல்களுக்கு எடைகளைத் திரட்ட ஓபன்எம்எஸ், நொதி இல்லாத தேடலுக்கு காமெட் அல்லது எம்எஸ்ஃப்ராகர், ஜோடி சேர்க்கவும் படம் வரையவும் பைத்தானில் பைடியோமிக்ஸ் நூலகம். தரவுத்தளம் சில ஆயிரம் வரிசைதான் என்பதால் 16 ஜிபி தாராளம். திணறினால் உருமாற்றங்களைக் குறையுங்கள். எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்து ஓட்ட ஸ்னேக்மேக் என்ற நிரல். சுற்றிலும் காற்றாலை சுழன்றாலும் நம் ஊரில் கரண்ட் போகத்தான் போகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு லேப்டாப் அணைந்தால், முடிந்த ஃபைல்களை விட்டுவிட்டு அரைகுறையாக நின்றதிலிருந்து ஸ்னேக்மேக் மறுபடி தொடங்கும். கையால் எழுதிய லூப் ஆதியிலிருந்து ஓடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் மென்பொருள் பதிப்பு எண், எல்லா அமைப்புகள், தரவுத்தளத்தின் தேதி ஆகியவை ஒரு ஃபைலில் தானாக எழுதப்பட வேண்டும்.

தீசிஸுக்கு வருகிறேன். பட்டியலைப் போடலாம், பின்னிணைப்பில். உள்ளே, நீங்கள் பேர் சொல்லிப் பேசப்போகும் பெப்டைடுகளுக்கு மட்டும் ஒவ்வொன்றாக ஸ்பெக்ட்ரத்தைத் திறந்து பார்த்து, துண்டுகளுக்குப் பேர் எழுதிய படத்தோடு போடுங்கள். 36 ஃபைலையும் பார்க்க முடியாது, இருபது முப்பது ஸ்பெக்ட்ரம் பார்க்க முடியும். அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆதாரம் என்ன என்று ஒரு பத்தி: அப்படியே உள்ள எடையும் அடைத்த எடையும் ஜோடி சேர்ந்ததா, துண்டுகள் முழு வரிசையையும் காட்டுகின்றனவா, எடை மட்டும் ஒத்ததா. கடைசி வகையை 'கண்டறியப்பட்டது' என்று எழுதாமல் 'எடை ஒத்தது' என்றே எழுதுங்கள். வாய்மொழித் தேர்வில் கேள்வி அந்த வகை மேல்தான் வரும். இதைத் தொடங்கும் முன் மையத்துக்கு ஒரு மெயில் போட்டு மூன்று விஷயம் வாங்கிவிடுங்கள்: வெற்று ஓட்ட ஃபைல்கள், ஓட்டிய வரிசை, 445-ஐ வைத்துத் திருத்தினார்களா இல்லையா என்பது. ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தம் செய்யும் முன் கேட்டால்தான் முதலாவது கிடைக்கும்.